உணவுக்குழாய்ப் புற்றுநோய்: வைரஸ் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் எப்போது உதவும்?

கேள்வி, சுருக்கமாக: கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்கு 62 வயது. சாப்பாடு இறங்காமல் போய், கோயம்புத்தூரில் எண்டோஸ்கோபி பார்த்ததில் முன்பல்லிலிருந்து 24 முதல் 29 செ.மீ. வரை கட்டி. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (உட்பரப்பின் தட்டைச் செல்களில் தோன்றும் புற்று). ரிப்போர்ட்டின் கீழே "பி16 ஆங்காங்கே பாசிட்டிவ், பி53 90 சதவீதத்துக்கு மேற்பட்ட உட்கருக்களில் அடர்த்தியான பாசிட்டிவ், தேவைப்பட்டால் எச்.பி.வி. பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறது. சி.டி. ஸ்கேனில் வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. கீமோவும் ரேடியேஷனும் கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எச்.பி.வி. பரிசோதனை எடுக்க வேண்டுமா? 500 மரபணுக்களைப் பார்க்கும் பேனல் எடுக்கச் சொந்தக்காரர் ஒருவர் வற்புறுத்துகிறார், அது தேவையா? வைரஸ் என்றால் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்:

நீங்கள் தந்திருக்கும் விவரத்தை வைத்துச் சொல்கிறேன். எச்.பி.வி. பரிசோதனை வேண்டாம். 500 மரபணு பேனல் இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்காத ஒரு வைரஸ் பரிசோதனை கீமோ தொடங்கும் முன் கட்டாயம் வேண்டும்: ஹெபடைட்டிஸ் பி. காரணங்களை விரிவாகச் சொல்கிறேன், டாக்டரிடம் பேசும்போது உதவும்.

முதலில் எச்.பி.வி., அதாவது கர்ப்பப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் மனித பாப்பிலோமா வைரஸ். உணவுக்குழாய்ப் புற்றுக்கும் அதுதான் காரணமோ என்ற சந்தேகம் புதிதல்ல. ஃபின்லாந்தின் சிர்யானென் 1982-லேயே உணவுக்குழாய்க் கட்டியில் இந்த வைரஸின் சாயல் தெரிகிறது என்று எழுதினார். அதன் பிறகு எத்தனையோ ஆய்வுகள். ஒன்றில் ஒரு கட்டியில்கூட வைரஸ் இல்லை, இன்னொன்றில் பாதிக்கு மேல் இருக்கிறது. இவ்வளவு வித்தியாசத்துக்கு ஊருக்கு ஊர் நோய் மாறுவது மட்டும் காரணமில்லை, பார்க்கும் முறையே பெரிய காரணம். பி.சி.ஆர். என்பது ஒரு துளி டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கில் பெருக்கும் வேலை. சதையை மெல்லிய சீவலாக வெட்டும் மைக்ரோடோம் கருவியின் ஒரே பிளேடில் முந்தைய நோயாளியின் கர்ப்பப்பைவாய்ச் சதையை வெட்டிவிட்டு, சரியாகத் துடைக்காமல் அடுத்தவரின் பிளாக்கை (மெழுகில் பதித்த சதையை) வெட்டினால் போதும், இல்லாத வைரஸ் பாசிட்டிவ் ஆகிவிடும். எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த சதையில் டி.என்.ஏ. துண்டுதுண்டாக உடைந்திருக்கும். சுமார் 450 எழுத்து நீளத்தைத் தேடும் பழைய எம்.ஒய்.09/11 முறை அதில் தோற்றுப்போகும். சுமார் 150 எழுத்தைத் தேடும் ஜி.பி.5+/6+ ஓரளவு பிடிக்கும். 65 எழுத்தைத் தேடும் எஸ்.பி.எஃப்.10 இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஒரே சதை, மூன்று முறை, மூன்று பதில்.

பிடித்துவிட்டாலும் அது குற்றவாளி என்று ஆகாது. திருட்டு நடந்த கடையில் அந்த நேரம் நின்ற எல்லோரும் திருடர்கள் இல்லை. வைரஸ்தான் கட்டியை நடத்துகிறது என்று சொல்ல, கட்டிச் செல் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு பிரதியாவது வைரஸ் டி.என்.ஏ. இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஈ6, ஈ7 என்ற அதன் இரண்டு மரபணுக்கள் அங்கே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும், அதாவது அவற்றின் எம்.ஆர்.என்.ஏ. (மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகல்) தெரிய வேண்டும். அமெரிக்காவின் டி.சி.ஜி.ஏ. என்ற புற்றுநோய் மரபணு ஆய்வுக் குழு 164 உணவுக்குழாய்க் கட்டிகளை மரபணு மட்டத்தில் பிரித்துப் பார்த்து 2017-ல் வெளியிட்டபோது, ஸ்குவாமஸ் கட்டிகளை எச்.பி.வி. நடத்துகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவான ஐ.ஏ.ஆர்.சி., எச்.பி.வி.16 உண்டாக்கும் புற்றுநோய்களின் பட்டியலில் கர்ப்பப்பைவாய், ஆசனவாய், தொண்டை எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. உணவுக்குழாய் அதில் இல்லை.

இனி உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்.பி.வி.யின் ஈ6 புரதம் செய்யும் முக்கியமான வேலை, செல்லின் காவலாளியான பி53 புரதத்தைப் பிடித்து அழிப்பது. வைரஸ் நடத்தும் கட்டியில் அதனால் பி53 குறைந்திருக்கும், அந்த மரபணு பெரும்பாலும் பழுதாகாமலும் இருக்கும், ஏனென்றால் அதைப் பழுதாக்க வேண்டிய தேவையே கட்டிக்கு இல்லை. அப்பாவின் கட்டியில் நேர்மாறு. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட உட்கருக்களில் பி53 அடர்த்தியாகக் குவிந்திருக்கிறது. பி53-ஐ உண்டாக்கும் டி.பி.53 மரபணுவில் பிறழ்வு ஏற்பட்டு, வேலை செய்யாத புரதம் சிதையாமல் சேர்ந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. ஸ்குவாமஸ் வகையில் மிகப் பெரும்பாலான கட்டிகளில் இந்தப் பிறழ்வு உண்டு. இதோடு வைரஸ் டி.என்.ஏ. கொஞ்சம் கிடைத்தாலும் அது வழிப்போக்கன்தான்.

பி16 பற்றி ஒரு வார்த்தை. தொண்டைப் பகுதிப் புற்றுநோயில் பி16 நிறம் எச்.பி.வி.க்கு நல்ல பதிலி, அங்கே நோயின் நிலையைக் கணக்கிடுவதே அதை வைத்து மாறுகிறது. அங்கேயும் 70 சதவீதச் செல்களாவது உட்கருவிலும் வெளியிலும் அடர்த்தியாக நிறம் பிடித்தால்தான் பாசிட்டிவ். "ஆங்காங்கே" என்பது கணக்கில் வராது. உணவுக்குழாயில் அந்தப் பதிலிக்கு நம்பகத்தன்மை இல்லை, ஏனென்றால் சி.டி.கே.என்.2ஏ மரபணுவே (பி16-ஐ உண்டாக்குவது அதுதான்) இங்கே அடிக்கடி அழிந்துபோகிறது, வைரஸ் இல்லாத வேறு வழியிலும் பி16 ஏறுகிறது. எச்.பி.வி. பார்க்கவும் என்ற அந்த வரி வழக்கத்தில் எழுதியது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பாசிட்டிவ் வந்தாலும் மருந்து மாறாது, ரேடியேஷன் அளவு மாறாது.

மலையில் மாடு வளர்ப்பவர்கள் இந்தக் கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து புரிந்துகொள்ள முடியும். நீலகிரியில் மாடுகள் ரத்தமாகச் சிறுநீர் கழித்து மெலிந்து சாகும் நோய் உண்டு. மூத்திரப்பையில் கட்டி வருகிறது. புல்வெளிச் சரிவுகளிலும் கைவிட்ட நிலத்திலும் மண்டிக் கிடக்கும் பிராக்கன் பெரணியை நெடுநாள் மேய்வதுதான் காரணம். அதில் இருக்கும் டாகிலோசைடு என்ற நஞ்சு டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். இந்த நோயில் மாட்டின் பாப்பிலோமா வைரஸ் 2-ம் வகைக்கும் பங்கு இருப்பதாகப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து மலைகளில் இதே பெரணியை மேய்ந்த மாடுகளுக்கு உணவுக்குழாயிலேயே புற்றுநோய் வந்தது. ஜாரெட் குழு 1978-ல் அதை எழுதியது. பாப்பிலோமா வைரஸ் 4-ம் வகை முதலில் சாதாரண மரு போன்ற வளர்ச்சியை உண்டாக்குகிறது, பெரணியின் நஞ்சு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, டி.என்.ஏ.வையும் கெடுத்து, மருவைப் புற்றாக்குகிறது. ஆச்சரியம் என்னவென்றால், முற்றிய புற்றுக்குள் தேடினால் அந்த வைரஸின் டி.என்.ஏ. கிடைப்பதில்லை. தொடக்கத்துக்குத் தேவைப்பட்டது, பிறகு தேவைப்படவில்லை.

மனிதனிலும் அப்படித்தான் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. மாட்டின் பாப்பிலோமா வைரஸ் மனிதருக்குத் தொற்றிப் புற்றுநோய் தருவதாகவும் நிரூபணம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. "காரணம்" வேறு, "கட்டியில் காணப்படும் அடையாளம்" வேறு, "சிகிச்சையைத் தீர்மானிக்கும் குறியீடு" வேறு. மூன்றாவதற்குத்தான் நோயாளி பணம் கொடுக்க வேண்டும்.

ஈ.பி.வி. (எப்ஸ்டீன்-பார்) வைரஸையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோயில் ரத்தத்திலுள்ள ஈ.பி.வி. டி.என்.ஏ. அளவு மிக நல்ல குறியீடு. இரைப்பைப் புற்றுநோயில் சுமார் 9 சதவீதம் இந்த வைரஸோடு தொடர்புடையது. உணவுக்குழாயில் நிணநீர்ச் செல்கள் நிறைந்த ஓர் அபூர்வ வகையைத் தவிர அதற்கு இடமில்லை.

இப்போது மரபணுக்கள். இங்கேதான் ஏமாற்றம் அதிகம், எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்குவாமஸ் வகையில் 500 மரபணு பேனல் எடுத்தால் என்ன வரும் என்பதை எடுக்காமலேயே பெருமளவு சொல்லிவிடலாம்: டி.பி.53 பிறழ்வு, 11-வது குரோமோசோமில் சி.சி.என்.டி.1 பெருக்கம், சி.டி.கே.என்.2ஏ இழப்பு, நாட்ச்1, கே.எம்.டி.2டி, பி.ஐ.கே.3சி.ஏ, சிலருக்கு என்.எஃப்.இ.2எல்.2. இவற்றில் எதற்கும் இன்று இந்த நோயின் முதல் கட்டச் சிகிச்சையில் தனி மருந்து கிடையாது. என்.எஃப்.இ.2எல்.2 பிறழ்ந்த கட்டிகள் கீமோ-ரேடியேஷனுக்கு எளிதில் மசியாது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து யாருடைய சிகிச்சையையும் இன்று மாற்றுவதில்லை.

நாட்ச்1-ஐப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2018, 2019-ல் இங்கிலாந்து, ஜப்பான் குழுக்கள் புற்றுநோயே இல்லாத நடுத்தர வயதினர், முதியோரின் உணவுக்குழாய் உட்தோலைத் துண்டு துண்டாக எடுத்து, அதன் மரபணு எழுத்துகளைப் படித்தன. நாட்ச்1 பிறழ்வு புற்றுக்கட்டியில் இருப்பதைவிட நலமான தோலில்தான் அதிகம். வயதானாலே இந்தத் தோல் பிறழ்ந்த செல்களால் நிறைந்துவிடுகிறது. பிறழ்வு இருக்கிறது என்பதாலேயே புற்று என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் மரபணுப் பார்த்து உணவுக்குழாய்ப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறோம் என்று யாராவது விற்றால், நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பேனல் ரிப்போர்ட்டில் ஏபோபெக் கையெழுத்து என்று ஒன்று எழுதியிருப்பார்கள். ஏபோபெக் என்பது வைரஸை எதிர்க்க உடல் வைத்திருக்கும் நொதி, அது தவறி நம் டி.என்.ஏ.யிலேயே மாற்றங்களைப் போட்டுவிடும். அந்த மாற்றங்களின் தனி அமைப்புக்குத்தான் கையெழுத்து என்று பெயர். உடனே "வைரஸ் தாக்கிய தடயம்" என்று சிலர் விளக்கம் கொடுக்கிறார்கள். ஈரான், சீனா, கென்யா, மலாவி, தான்சானியா, பிரேசில், ஜப்பான், பிரிட்டன் ஆகிய 8 நாடுகளிலிருந்து 552 ஸ்குவாமஸ் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியை 2021-ல் ஒப்பிட்டார்கள். ஏபோபெக் கையெழுத்து மிகப் பெரும்பாலானவற்றில் இருந்தது. நோய் அதிகமுள்ள நாட்டுக்கும் குறைவான நாட்டுக்கும் கையெழுத்துகளில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை வைத்து வைரஸைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் சிகிச்சையைத் தீர்மானிக்கும் குறியீடுகள் எவை? கட்டி பரவிவிட்டால், அல்லது மீண்டும் வந்தால், பி.டி.எல்.1 (உடலின் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து கட்டி தப்பிக்க உதவும் புரதம்). பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்க்க வேண்டுமா என்று பார்க்கும்போது சி.பி.எஸ். என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள்: நிறம் பிடித்த கட்டிச் செல், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள கட்டிச் செல்களால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பலன் தெளிவாக அதிகம். நிவோலுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்துக்குக் கட்டிச் செல்லை மட்டும் எண்ணும் வேறு கணக்கு, 1 சதவீதமே எல்லை. ரிப்போர்ட்டில் வெறுமனே "பி.டி.எல்.1 பாசிட்டிவ்" என்று இருந்தால் போதாது, எந்த ஆன்டிபாடி, எந்தக் கணக்கு, என்ன எண் என்று எழுதி வாங்குங்கள். பயாப்சியில் குறைந்தது 100 உயிருள்ள கட்டிச் செல் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எம்.எம்.ஆர். குறைபாடு (டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பிழைகளைத் திருத்த முடியாத நிலை) இந்த வகையில் அபூர்வம்தான். ஆனால் பரவிய நோயில் அதைப் பார்த்துவிடுவது நல்லது, இருந்தால் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்யும். ஹெர்2, கிளாடின் 18.2 என்ற புரதப் பரிசோதனைகள் இரண்டும் சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா வகைக்கு. உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது கிராஸ் முறை என்று நினைக்கிறேன்: வாரம் ஒருமுறை பேக்லிடாக்செல், கார்போபிளாட்டின், ஐந்து வாரம், கூடவே 23 தவணையில் 41.4 கிரே ரேடியேஷன். இந்த முறையில் ஸ்குவாமஸ் வகை நோயாளிகளில் 49 சதவீதம் பேருக்கு, அறுவைக்குப் பிறகு எடுத்த உறுப்பில் கட்டியே இல்லை. எந்தப் பேனலும் இதைவிட நல்ல வழியைக் காட்டப்போவதில்லை. பேனல் முடிவுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். சாப்பாடு இறங்காத மனிதர் அந்த நேரத்தில் எடை இழப்பதுதான் உண்மையான ஆபத்து. கஞ்சியும் பாலும்கூட இறங்கவில்லை என்றால் குழாய் வைத்து உணவு கொடுப்பது பற்றி இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி என்றேன். கல்லீரலில் பழைய தொற்று தூங்கிக்கொண்டிருந்தால், கீமோவும், பேக்லிடாக்செலுக்கு முன் போடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அதை எழுப்பிவிடும். மஞ்சள் காமாலை வந்து கீமோ பாதியில் நிற்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். இப்போது தொற்று இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் பார்த்தால் போதாது, பழைய தொற்றையும் காட்டும் ஆன்டி-எச்.பி.சி. மொத்தமும், ஆன்டி-எச்.பி.எஸ்.ஸும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான், முடிவும் சீக்கிரம் கிடைக்கும். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால் எண்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைத் தொடங்கிவிட்டுக் கீமோவைத் தொடரலாம். கீமோ முடிந்த பிறகும் பல மாதங்கள் விடக் கூடாது. மருந்தை மாற்றி 5-எஃப்.யூ. அல்லது கேபசிட்டாபின் தரப்போகிறார்கள் என்றால் மட்டும் டி.பி.ஒய்.டி. என்ற ஒரு மரபணுவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அது பழுதான உடம்பு அந்த மருந்தை உடைக்க முடியாமல், முதல் சில வாரத்திலேயே வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணு வீழ்ச்சி என்று தவித்துவிடும். முழுதும் பழுது என்றால் அந்த மருந்தே கூடாது, பாதி என்றால் பாதி அளவில் தொடங்குவார்கள்.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. கட்டி 24 செ.மீ.யில் தொடங்குகிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் ஏறத்தாழ 25 செ.மீ. அதனால் அறுவையைத் திட்டமிடும் முன் பிராங்கோஸ்கோபி பார்த்து, கட்டி மூச்சுக்குழாயைத் தொட்டுவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்திருந்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரும் வாயையும் தொண்டையையும் பார்க்கட்டும், அதே பழக்கம் அங்கே இரண்டாவது கட்டியையும் உண்டாக்கும். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும்கூட உணவுக்குழாய்ப் புற்றை உண்டாக்கும் என்று ஐ.ஏ.ஆர்.சி. உறுதி செய்திருக்கிறது.

சதையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் பி.டி.எல்.1 தேவைப்பட்டால் இந்த பயாப்சிதான் ஆதாரம், ரேடியேஷன் பட்ட பிறகு கட்டியின் நிலை மாறிவிடும். ஸ்லைடு மட்டும் வாங்கி வராதீர்கள், பாரஃபின் பிளாக் எங்கே, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டு பிளாக் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வெட்டி நாளான ஸ்லைடில் பி.டி.எல்.1 நிறம் மங்கிப்போகும். மறுபடி பயாப்சி எடுக்க நேர்ந்தால் 6 முதல் 8 துண்டு, அழுகிய நடுவிலிருந்து எடுக்காமல் கட்டியின் ஓரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், சதையைப் போல் பத்து மடங்கு திரவத்தில், உடனே போட வேண்டும். சலைனில் போட்டு அனுப்புவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் தவறு, வழியிலேயே சதை சிதைந்துவிடும். ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணிக்கு மேல் போகவும் கூடாது. நெடுநாள் ஊறினால் டி.என்.ஏ.யில் சி என்ற எழுத்து டி-யாக மாறிப் பொய்யான பிறழ்வுகள் தோன்றும். ஊட்டிக் குளிரில் ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊறும், எனவே அறை வெப்பநிலையில் வைப்பது நல்லது.

பின்னாளில் யாராவது ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ. பார்க்கச் சொன்னால், மலையிலிருந்து அனுப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ. கட்டியின் டி.என்.ஏ.வை மூழ்கடித்துவிடும். மலை இறங்கி லேப் போய்ச் சேரவே நேரம் போய்விடும். அதற்கென்று இருக்கும் ஸ்ட்ரெக் குழாயில் எடுத்தால் 14 நாள் தாங்கும், ஆனால் 6 முதல் 37 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவில் வெளித்திண்ணையிலோ கூரியர் கிடங்கிலோ கிடந்தாலும் கெட்டுப்போகும்.

தொற்றும் பயம் பற்றி: புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே கட்டிலில் படுத்தாலும் ஒட்டாது. வீட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள், அது கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்காக. தாத்தாவின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பரம்பரையாக வரும் உணவுக்குழாய்ப் புற்று மிக அபூர்வம். குடும்பத்தில் பலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்து, இந்த நோயும் வந்திருந்தால் மட்டும் ஆர்.எச்.பி.டி.எஃப்.2 மரபணுவைப் பார்க்கலாம். அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் மற்றபடி மரபணுப் பரிசோதனை எடுக்கத் தேவையில்லை. வெற்றிலை பாக்கு, புகையிலை, சாராயம் மூன்றையும் விட வேண்டும். டீயை ஆற்றிக் குடிக்கட்டும். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பதை ஐ.ஏ.ஆர்.சி. 2016-ல் "அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடியது" என்று வகைப்படுத்தியது. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், ஆனாலும் அடுப்பிலிருந்து இறக்கும்போது டீ அந்த 65-ஐவிட ஏறக்குறைய 30 டிகிரி கூடுதல் சூட்டில்தான் இருக்கிறது. சாப்பாடு தொண்டையில் நின்று நின்று இறங்குகிறது என்று அப்பாவின் கூடப்பிறந்தவர்களில் யாராவது சொன்னால், காத்திருக்காமல் எண்டோஸ்கோபி பார்த்துவிடுங்கள்.